வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரம் மட்டும் போதுமா?

கேள்வி: எண்டோஸ்கோப்பி பரிசோதனையில் இரைப்பையில் புண் இருப்பதும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதும் தெரியவந்தது. 14 நாள்களுக்கு மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். பரம்பரை வைத்தியர் ஒருவரோ, அதிமதுரப் பொடியே போதும், மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள் என்கிறார். எனக்கு இரத்த அழுத்தமும் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், அதிமதுரத்தையும் இப்போது தொடங்காதீர்கள். வைத்தியர் சொன்னது முழுப்பொய் அல்ல என்பதால்தான் இதைச் சற்று விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது.

அதிமதுர வேரைக் கீறிப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்கும். ஒரு துண்டை மென்றால் முதலில் மண்வாசனையும், பிறகு நாக்கைவிட்டு வெகுநேரம் அகலாத தித்திப்பும் வரும். அந்தத் தித்திப்பைத் தருகிற கிளிசிரைசின் என்ற பொருளே அதன் பலத்துக்கும் ஆபத்துக்கும் காரணம். நெதர்லாந்தின் ஹீரன்வீன் ஊரில் மருந்தாளுநர் ஒருவர் கொடுத்துவந்த அதிமதுரக் கலவையால் வயிற்றுப்புண் ஆறுவதைக் கவனித்த ரெவர்ஸ் என்ற மருத்துவர், 1946இல் அதை எழுதி வெளியிட்டார். அதைச் சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த வேரின் வழியில் உருவான கார்பெனாக்சலோன் என்ற மருந்து 1960களில் இரைப்பைப் புண்ணுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் கோழைப் படலத்தை அது கெட்டிப்படுத்தியது. ஆகவே, தலைமுறை தலைமுறையாக வைத்தியர்கள் கண்ட பலன் கற்பனை அல்ல. அதை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கிளிசிரைசின், சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் தேக்கிவைக்கச் செய்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுகிறது. இரத்த அழுத்தம் உயர்வதும், கால் வீங்குவதும், தசைகள் சோர்வதும், சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதும் இதனால்தான். அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் இரண்டு பக்கமும் குறையும். கிளிசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாறும் கிடைக்கிறது. அதில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அப்படியே இருந்தாலும், இந்தப் பதினான்கு நாள்கள் முடியும்வரை பொறுத்திருந்து, உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மாத்திரைகள் ஏன் அவசியம் என்கிறீர்களா? வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி உள்ளே இருக்கும்வரை ஆறிய புண் திரும்பத் திரும்ப வரும். மூலிகை புண்ணை ஆற்ற உதவலாம். அந்தக் கிருமியை மனிதர் வயிற்றிலிருந்து அடியோடு அகற்றும் என்று நம்பிக் கொடுக்கும்படியான மூலிகை இன்றுவரை இல்லை. கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில் ஒரு மரத்திலிருந்து எடுக்கும் மஸ்தகிப் பிசின் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்றது. நோயாளிகளிடம் அதே வெற்றி கிடைக்கவில்லை. பாதியில் மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறிவிடக்கூடும் என்பதே என் பெரிய கவலை.

கேள்வி: வயிற்றுப்புண்ணுக்குக் கற்றாழைச் சோறும், காய்ந்த வாழைக்காய் மாவும் நல்லவை என்கிறார்களே?

பதில்: கற்றாழை மடலை வெட்டியவுடன் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பால் கசியும். அது கடுமையாகப் பேதியாக்கும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. வெட்டிய முனை கீழே இருக்கும்படி மடலை நிமிர்த்தி வைத்து, அந்தப் பால் முழுவதும் வடிந்த பிறகு தோலைச் சீவி, சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். இதைச் சொல்லாமல் 'கற்றாழை சாப்பிடுங்கள்' என்று மட்டும் சொல்வது பொறுப்பற்றது. பழுக்காத வாழைக்காய் மாவு ஆஸ்பிரினால் வரும் புண்ணை எலிகளில் தடுத்திருக்கிறது. பழுத்த பழத்தில் அந்தக் குணம் இல்லை. உணவாகச் சேர்ப்பதில் தவறில்லை, மருந்துக்குப் பதிலாக அல்ல.

கேள்வி: மூட்டுவலி மாத்திரையால் வயிற்றுப்புண் வந்துவிட்டது. எந்த மூலிகை சாப்பிடலாம்?

பதில்: மூலிகையைத் தேடும் முன், அந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். இந்த வகை வலி நிவாரணிகள், கோழைப் படலத்தைச் சுரக்கச் செய்யும் புராஸ்டாகிளாண்டின் என்ற உடற்பொருளைக் குறைத்துவிடுகின்றன. அந்த மாத்திரை தொடரும்வரை மேலே எதைப் பூசினாலும் புண் ஆறுவது கடினம். மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். அப்போது எந்தக் கஷாயத்துக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.