மெட்டல் டிடெக்டர் வாங்கலாமோ எண்டு கேட்ட திருகோணமலைத் தம்பிக்கு

தம்பி, நீர் கேட்டது ரெண்டு கேள்வி. இங்கிலாந்துக்கு வந்து மூண்டு மாசம், சனி ஞாயிறில ரூமுக்க அடைஞ்சு கிடக்க விசர் பிடிக்குது, பார்க்கில ஒரு வெள்ளைக்கார ஐயா காதில ஹெட்போனோட மெட்டல் டிடெக்டர ஆட்டி ஆட்டி நடந்தத பாத்தீராம், நானும் ஒண்டு வாங்கினா பொழுதும் போகும் ஏதும் அம்பிட்டா காசும் ஆச்சு எண்டுறது ஒண்டு. டிசம்பர் லீவுக்கு ஊருக்கு போகேக்க அந்த மெஷினையும் கொண்டு போய் திருமலை டச்சுபே கடற்கரை மணலில பாக்கலாமோ, கோணேசர் கோயில் இடிச்ச காலத்து நகை அங்க கிடக்குதாம் எண்டு கதைக்கிறாங்கள் எண்டுறது ரெண்டாவது.

நானும் திருமலைதான், மடத்தடிப் பக்கம். இஞ்ச வந்து 21 வருசம். ரெண்டாவதுக்கு மறுமொழி உடனயே சொல்லிப்போடுறன், கொண்டு போகாதையும். ஏன் எண்டு கீழ வருது. முதல் என்ட கதைய கேளும்.

எனக்கும் உந்த ஆசை வந்தது வேலை இடத்தில ஒருத்தர் சொன்ன கதையாலதான். 1992 இல சஃபொக்கில ஹொக்ஸ்ன் எண்ட ஊரில ஒரு கமக்காரர் தன்ர சுத்தியல வயலுக்க துலைச்சுப்போட்டார், எரிக் லோஸ் எண்ட அவற்ற கூட்டாளி மெட்டல் டிடெக்டரோட தேடப்போனவர், சுத்தியலுக்கு பதிலா அம்பிட்டது ரோமன் காலத்துக் காசு, கிட்டத்தட்ட 15,000. மனுசன் எல்லாத்தையும் கிண்டி வாரி எடுக்காம விசயத்த உடன அறிவிச்சதால தொல்பொருள் ஆக்களே வந்து ஒழுங்கா எடுத்தினம், பதினேழரை லட்சம் பவுண் குடுத்தவை. பிறகு அந்தச் சுத்தியலும் அம்பிட்டு இப்ப அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில இருக்கு. உதக் கேட்டா ஆருக்குத்தான் கை துடிக்காது. 180 பவுணுக்கு ஆரோ பாவிச்ச மெஷின் ஒண்ட வாங்கிக்கொண்டு வீட்ட போனன். மனுசி ஒண்டுதான் கேட்டா, "தங்கத்த மண்ணுக்க தேடுறதுக்கு குடுத்த காசுக்கு கடையிலயே ஒரு மோதிரம் வாங்கியிருக்கலாமே?"

நாள் எப்பிடிப் போச்சுதெண்டா, செப்டம்பர் கடைசியில ஒரு ஞாயிறு, கோதுமை வெட்டு முடிஞ்ச நேரம், எசெக்ஸ் பக்கம் மெட்டல் டிடெக்டர் ஆக்களின்ர கிளப் ஒண்டு வயல் பேசி வைச்சிருந்தது, ஆளுக்கு 20 பவுண். நாங்கள் மூண்டு பேர், எல்லாம் திருமலைதான். நான், திருக்கடலூர் கூட்டாளி ஒருத்தன், அவன்ர மச்சான் தம்பலகாமத்தான். விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு பாணும் கட்டுச்சம்பலும் பிளாஸ்கில தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு, ஏதோ புறாமலைக்கு பிக்னிக் போற மாதிரி சிரிச்சு கதைச்சுக்கொண்டு போனம், எட்டு மணிக்கு மழை துடங்கிச்சுது, அதோட சிரிப்பும் முடிஞ்சுது.

மழை கூட பரவாயில்ல தம்பி. அந்த வயலுக்கு கமக்காரர் கிறீன் வேஸ்ட் கொட்டியிருந்தவர். அதென்னண்டா, வீட்டுத்தோட்டத்துக் குப்பைய சேத்து எருவாக்கி வயலுக்கு போடுறது, ஆனா சனம் அந்த வாளிக்க என்னத்தத்தான் போடாது, அலுமினியப் பேப்பர், பற்றறி, டின் எல்லாம் அதுக்க போய் மெஷினில அரைபட்டு துண்டு துண்டா வயல் முழுக்க பரவிக் கிடக்கும். மெஷினின்ர அடியில இருக்கிற வட்டத்தட்ட நிலத்தில வைக்க முதலே கத்துது. இடப்பக்கம் ஆட்டினா பீப், வலப்பக்கம் ஆட்டினா பீப். அதில வேற, இந்த அலுமினியத் துண்டும் சோடா டின் திறக்கிற வளையமும் மெஷின் திரையில காட்டுற நம்பரும், மெல்லிசான தங்க மோதிரம் காட்டுற நம்பரும் கிட்டக்கிட்ட ஒண்டுதான், அதால கிண்டாம விடவும் மனம் வராது. கிண்டு, குனி, தடவு, வளையம். திரும்ப கிண்டு, வளையம். கோதுமைக் கட்டை முழங்காலில குத்துது, களிமண் ஒவ்வொரு பூட்ஸிலயும் ஒரு கிலோ.

பதினொரு மணி இருக்கும், எனக்கு நல்ல தெளிவான சத்தம் ஒண்டு கேட்டுது, ரெண்டு பக்கத்தால ஆட்டிப் பாத்தாலும் ஒரே நம்பர். நெஞ்சு படபடக்குது. ஒரு சாண் ஆழத்தில பெரிய வட்டமான செம்பு நிறக் காசு! துப்பல் தொட்டு துடைக்கிறன், கிளப் கிழவர் ஒருத்தர் வந்து எட்டிப் பாத்தார், காசில 1967 எண்டு போட்டிருக்கு. இஞ்ச 1971 இல காசு முறை மாத்த முதல் பாவிச்ச பென்னி, தெருவில போட்டாலும் ஆரும் குனிஞ்சு எடாயினம். கிழவர் என்ட தோளில தட்டிப்போட்டு போயிட்டார்.

ஆனா அண்டைக்கு நான் கூடப் பாத்தது நிலத்த இல்ல, தம்பலகாமத்தானத்தான். அவன் இஞ்ச வர முதல் மூதூர் கிழக்குப் பக்கம் கண்ணிவெடி அகற்றுற வேலையில ரெண்டு வருசம் நிண்டவன். சத்தம் வந்த இடத்தில நாங்கள் மண்வெட்டிய ஓங்கிக் குத்துவம், அவன் ஒரு சாண் தள்ளி முழங்காலில இருந்து பக்கத்தால மண்ண வழிச்சு வழிச்சு வருவான், மேலால அமத்தவே மாட்டான். இது எசெக்ஸ்டா, மிதிவெடி ஒண்டும் இல்ல எண்டு கூட்டாளி பகிடி விட்டான். அவன் சிரிச்சவன்தான், ஆனா கை மாறேல்ல. கிழவர் ஏன் உவர் இவ்வளவு ஆறுதலா கிண்டுறார் எண்டு கேக்க நான் விளங்கப்படுத்தினன், அதுக்குப் பிறகு அந்த மனுசன் பகல் முழுக்க அவனுக்குப் பக்கத்திலயே நிண்டார், தன்ர பிஸ்கட் பெட்டியையும் நீட்டிக்கொண்டு. நான் மழையையும் குப்பையையும் பேசிக்கொண்டு நிக்க, தம்பலகாமத்தான் சொன்னான், அண்ணை, அங்க நாள் முழுக்க கிண்டி டின்னும் ஆணியும் மட்டும் வந்தா நாங்கள் சந்தோசமா வீட்ட போவம் எண்டு. எனக்கு உந்த பீப் சத்தம் எண்டா ஞாபகம் வாறது செக்பொயின்ட், பஸ்ஸால இறக்கி வரிசையில விட்டு பெல்ட் பக்கிளுக்கு கத்துறது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு.

பின்னேரம் மூண்டரைக்கு விட்டுப்போட்டு வந்தம். மூண்டு பேரிட்டயும் சேத்து வளையம் 43, ஒரு ஈயக் குண்டு, களுசான் பொத்தான் ரெண்டு, சொட்கன் தோட்டாவின்ர பித்தளை அடி கொஞ்சம், என்ட பென்னி. காரில ஆரும் கதைக்கேல்ல. சம்பல்தான் நல்லா இருந்தது.

இப்ப உமக்கு தேவையான விசயம். பார்க் கவுன்சிலின்ர, கேக்காம கிண்ட ஏலாது. எந்த நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார், அவரிட்ட முதலே கேட்டு அம்பிட்டா எப்பிடிப் பங்கு எண்டதையும் எழுத்தில எடுத்து வையும். சட்டத்தால பாதுகாத்த பழைய இடங்களில மெஷின் பாவிச்சாலே குற்றம். 300 வருசத்துக்கு மேல பழைய தங்கம் வெள்ளிச் சாமான் அம்பிட்டா, 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்க கொரோனர் எண்ட விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கோணும். இது இங்கிலாந்துக் கதை, ஸ்கொட்லாந்தில சட்டம் வேற. விசாவில நிக்கிற ஆள் நீர், சின்ன வழக்கும் உமக்கு பெரிசு.

ஊர்க் கதைக்கு வாறன். இலங்கையில 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கு, நிலத்துக்க கிடக்கிற தொல்பொருள் அரசாங்கத்துக்கு சொந்தம், லைசன்ஸ் இல்லாம தேடிக் கிண்டினா உம்மட சொந்த வளவெண்டாலும் பிடிப்பாங்கள். புதையல் தோண்டினவை ஸ்கானரோட பிடிபட்டது எண்டு எத்தினை தரம் பேப்பரில பாத்திருப்பீர். வெளிநாட்டுப் பெடியன் மெஷினோட, அதுவும் கோட்டைக்குப் பக்கத்தில டச்சுபேயில நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு யோசியும். 1942 இல ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊர், பிறகு எங்கட சண்டை வேற, மண்ணுக்க இருக்கிற இரும்பெல்லாம் காசில்ல. போதாக்குறைக்கு டிசம்பரில வாடைக்காத்து, கரையில நிக்கவே ஏலாது, உப்புத்தண்ணி ஊறின மணலில உம்மட மலிவு மெஷின் சும்மாவே கத்தும்.

கோணேசர் நகை எண்டு நீர் கேட்டதுக்கு, 1622 இல போத்துக்கீசர் இடிச்ச கோயிலின்ர விக்கிரகங்கள் கொஞ்சம் 1950 இல அம்பிட்டதுதான், அது நகரசபை கிணறு வெட்டேக்க. 1956 இல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்ற கூட்டாளி மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிக்கிற சுவாமி மலைக்கு கீழ கடலில முக்குளிச்சு கோயில் கல்லுகள பாத்தவை. ரெண்டுக்கும் உந்த மெஷின் தேவைப்படேல்ல.

அதால காசு குடுத்து வாங்காதையும். என்ட மெஷின் கராஜில சும்மா கிடக்கு, ஹரோ பக்கம் வந்தா எடுத்துக்கொண்டு போம், பற்றறி மட்டும் புதுசு போடும். சின்ன மண்வெட்டிய கேக்காதையும், அது மனுசி கறிவேப்பிலைச் சாடிக்கு எடுத்துப்போட்டா.