உங்கள் வரைவை யார் திருத்துவார்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய சட்ட நிறுவனத்தில் ஒன்பது மாதச் சேம்பரிங் பயிற்சியை முடித்து, அண்மையில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றேன். தொழில்நுட்பத் துறை வேலைக்குப் பெயர்பெற்ற கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று எனக்கு அசோசியேட் (சம்பளத்துக்குப் பணிபுரியும் வழக்கறிஞர்) பதவி தர முன்வந்துள்ளது. எனக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. அங்கு வேலை எப்படி இருக்கும்? கையொப்பமிடும் முன் நான் எதைக் கேட்டுத் தெளிய வேண்டும்?

பதில்: நிரல் எழுதத் தெரியாததை ஒரு குறையாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பொறியாளரிடம் "எனக்கு இது புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கூச்சமின்றிக் கேட்பதும், அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுமே இவ்வேலைக்கு வேண்டிய பழக்கங்கள். மென்பொருள் சேவை ஒப்பந்தம் ஒன்றில், மாதத்தில் 99.9 விழுக்காட்டு நேரம் சேவை தடையின்றிக் கிடைக்கும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது நாள் மாதத்தில் அது ஏறக்குறைய 43 நிமிட முடக்கத்தை அனுமதிக்கிறது. அதே எண் 99.5 ஆனால் முடக்கம் 3 மணி 36 நிமிடமாகிவிடும். பராமரிப்புக்காக நிறுத்தும் நேரம் கணக்கில் சேராது என்ற வரி பின்னிணைப்பில் எங்காவது ஒளிந்திருந்து, அந்தப் பராமரிப்பு நள்ளிரவில் நடப்பதாகவும் இருந்தால், இரவு ஷிப்ட் ஓடும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு முதற்பக்கத்து 99.9 ஓர் அலங்காரம் மட்டுமே. அந்த வரியைக் கண்டுபிடித்து, தொழிற்சாலையில் எத்தனை ஷிப்ட் என்று கேட்பவரே நல்ல அசோசியேட்.

அன்றாட வேலை பெரும்பாலும் இவ்வகை வாசிப்புதான்: உரிம ஒப்பந்தங்கள், தரவு பாதுகாப்பு ஆலோசனைகள், நிறுவனங்களை வாங்கும்போது செய்யும் ஆவணச் சோதனை. செய்த ஒவ்வொன்றையும் ஆறு நிமிடக் கூறுகளாக டைம்ஷீட்டில், அதாவது வாடிக்கையாளருக்கான கட்டணத்தைக் கணக்கிட உதவும் நேரப் பதிவேட்டில், பதிய வேண்டும். பட்டர்வொர்த்தில் நீங்கள் பழகியிராத இந்தப் பதிவு, முதல் சில மாதங்களில் வேலையைவிட அதிகமாக எரிச்சலூட்டும். அன்றன்றே எழுதிவிடுங்கள், வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து திங்கட்கிழமையை நினைவுகூர்பவர் தம் உழைப்பில் ஒரு பகுதியைத் தாமே அழித்துக்கொள்கிறார்.

நேரத்தைப் பற்றிய உண்மையையும் மறைக்க விரும்பவில்லை. 2023 ஜனவரி 1 முதல் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரத்தை வரம்பாகக் கொண்டிருந்தாலும், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்கு அச்சட்டத்தின் கூடுதல் நேர ஊதிய உரிமை கிடையாது. ஆகவே, உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகை அந்த எல்லைக்கு மேலிருந்தால், இரவு பத்து மணி வேலைக்கும் அதே சம்பளம்தான். இத்துறையில் அவசரங்களும் நாள் பார்த்து வருவதில்லை. 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தனிநபர் தரவுக் கசிவு நேர்ந்த நிறுவனம் அதனை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவு பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முக்கியக் கட்டமைப்பு நிறுவனங்களுக்கோ, முதற்கட்ட விவரங்களைத் தர ஆறே மணி நேரம்தான். தீபாவளிக்கு முந்திய மாலையில் வாடிக்கையாளர் அழைத்தால், பலகாரத் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கும் நிலை வரும். அத்தகைய நாள்களை அலுவலகத்தில் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை நேர்முகத்திலேயே கேட்பது தவறாகாது.

ஆயினும், நான் கேட்கச் சொல்லும் முதற்கேள்வி நேரத்தைப் பற்றியதும் அன்று, சம்பளத்தைப் பற்றியதும் அன்று. நீங்கள் எழுதும் வரைவை யார் படிப்பார், அவர் உங்களிடம் உட்கார்ந்து பேசுவாரா என்பதே அது.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பினாங்கு வாடிக்கையாளர் ஒருவருக்கும் கோலாலம்பூர் மென்பொருள் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தை வரைந்தேன். "வேலை நாள்" என்பதற்கு, கோலாலம்பூரில் வங்கிகள் திறந்திருக்கும் நாள் என்ற பழைய விளக்கத்தை அப்படியே ஒட்டிவிட்டேன். என் மூத்தவர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "ஜூலை 7?" என்று மட்டும் எழுதியிருந்தார். ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நாளாகிய அன்று பினாங்கில் பொது விடுமுறை, கோலாலம்பூரில் இல்லை. பிழையைச் சரிசெய்ய மூன்று வேலை நாள் கெடு என்றிருந்த அவ்வொப்பந்தத்தில், பூட்டிக் கிடக்கும் அலுவலகத்துக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்து கெடு ஓடத் தொடங்கியிருக்கும். விளக்கத்தில் கோலாலம்பூருக்குப் பதில் பினாங்கு என்று மாற்றினால், பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினத்தன்று அதே சிக்கல் மறுபக்கத்தாருக்கு வரும் என்பதையும் அவர் பத்து நிமிடம் பேசி விளக்கினார். பின்னர் நான் மாறிய வேறோர் இடத்தில் சம்பளம் கூடுதல். ஆனால் என் வரைவுகள் ஒரு திருத்தமுமின்றி வாடிக்கையாளருக்குப் போயின. அதை நம்பிக்கை என்று நினைத்து மகிழ்ந்தேன். படிக்க யாருக்கும் நேரமில்லை என்பது ஓராண்டு கழித்தே புரிந்தது.

இக்கேள்விக்கு "இங்கே எல்லாரும் உதவுவார்கள்" என்று உங்களை நேர்காணும் நிறுவனப் பங்குதாரர் (பார்ட்னர்) விடையளித்தால், அவரை வற்புறுத்தாமல், அதே பிரிவில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் அசோசியேட் ஒருவருடன் அரைமணி நேரம் பேச அனுமதி கேளுங்கள். கடைசியாக அவர் வரைந்த ஆவணத்தில் யார் என்ன திருத்தினார் என்று அவரிடம் விசாரியுங்கள். அவர் நினைவுக்கு ஒரு திருத்தமாவது வர வேண்டும்.

நீதிமன்றப் பழக்கம் விட்டுப்போகுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், அது நியாயமானதே. ஒப்பந்தப் பிரிவில் இருப்பவர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தைப் பல மாதங்கள் எட்டிப் பார்க்காமலேயே இருந்துவிடலாம். தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்குகளை எடுக்க நிறுவனம் இடம் தருமா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, நியமனக் கடிதம். விலகிய பின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற விதி அதில் இருந்தால் கலங்க வேண்டாம்; 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் சில விலக்குகள் நீங்கலாகச் செல்லாதவை ஆக்குகிறது. வாடிக்கையாளரின் இரகசியம் காக்கும் கடமையும் அறிவிப்புக் காலமும் வேறு. அவை உங்களைக் கட்டும். அறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்பதையும், தகுதிகாண் காலத்திலும் அதே நீளமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையொப்பமிடுங்கள்.