ஒபாமாவின் பழைய தொகுதி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ஒபாமா தன் முதல் தேர்தலை வாக்குச்சாவடியில் ஜெயிக்கவில்லை என்று. அதை வைத்து நண்பர்களுக்குள் பெரிய சண்டை. எதிர்த்து நின்ற எல்லாருடைய மனுக்களையும் அடித்துவிட்டுத்தான் அவர் முதல் பதவிக்கே வந்தார் என்கிறான் ஒருவன். பிறகு தன் தொகுதியைத் தானே வரைந்துகொண்டார் என்கிறான் இன்னொருவன். இரண்டுமே வாட்ஸப் கதை என்பது என் கட்சி. நம் நாட்டில் தொகுதியை வரைய ஆணையம் இருக்கிறது. அங்கே மட்டும் உறுப்பினரே எப்படி வரைய முடியும்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

ம.கு., திருச்சி

அன்புள்ள ம.கு.,

பந்தயம் எதுவும் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதல் நண்பர் சொன்னது உண்மை. இரண்டாமவர் சொன்னதும் உண்மைதான், ஒபாமா தனியாக உட்கார்ந்து வரையவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இல்லினாய் மாநில செனட்டில் 59 தொகுதிகள். நாம் பேசுவது 13ஆவது தொகுதியைப் பற்றி. சிகாகோவின் தெற்குப் பகுதி, மிச்சிகன் ஏரிக்கரை. நடுவில் பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க், சுற்றிலும் கறுப்பின மக்களின் குடியிருப்புகள். ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு யாரும் அங்கே ஜெயிப்பதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்கள். அதனால் நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. மார்ச்சில் கட்சிக்குள் நடக்கும் பிரைமரிதான் தேர்தல். அந்தப் பிரைமரிக்கு முன்னாலேயே கதை முடிந்துவிடுவதும் உண்டு. இந்தத் தொகுதியின் வரலாறு பெரும்பாலும் அப்படி முடிந்த கதைகள்தான்.

அந்தப் பகுதிக்கு 1967 முதல் உறுப்பினராக இருந்தவர் ரிச்சர்ட் நியூஹவுஸ். 1975இல் சிகாகோ மேயர் பதவிக்கும் போட்டியிட்டுப் பார்த்தவர். உடல்நிலை காரணமாக 1991இல் அவர் விலகியதும் ஆலிஸ் பாமர் வந்தார். தேர்தலில் நின்று அல்ல, நியமனத்தில். இல்லினாயில் சட்டமன்ற இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது. விலகியவரின் கட்சி நிர்வாகிகள் கூடி அதே கட்சியிலிருந்து ஒருவரை அமர்த்திவிடுவார்கள். திருமங்கலத்தையும் ஆர்.கே. நகரையும் பார்த்த நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

1995இல் பாமருக்கு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போகும் ஆசை வந்தது. பக்கத்து நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினர் மெல் ரெனால்ட்ஸ் வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பதவி விலகியிருந்தார். மாநில செனட் இடத்துக்கு 34 வயது வழக்கறிஞர் ஒபாமாவைத் தன் வாரிசாகக் கைகாட்டிவிட்டுப் பாமர் அங்கே நிற்கப் போனார். நவம்பர் 28இல் நடந்த பிரைமரியில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயித்தார். பாமருக்கு மூன்றாம் இடம். இரண்டாம் இடம் வந்தவர் எமில் ஜோன்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றதும் பாமர் பழைய இடத்துக்கே திரும்ப நினைத்தார். ஒபாமாவிடம் விலகிக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். மனு கொடுக்கக் கடைசி நாள் டிசம்பர் 18. வேட்பாளர் பட்டியலில் பெயர் வர வேண்டுமென்றால் தொகுதியின் பதிவுபெற்ற வாக்காளர்கள் 757 பேரின் கையெழுத்து வேண்டும். மூன்று வாரம்கூட முழுதாக இல்லாத நிலையில் பாமரின் ஆட்கள் அலைந்து திரிந்து 1,580 வாங்கினார்கள். தேவையைப் போல இரண்டு மடங்கு, போதாதா?

போதவில்லை. அங்கே தேர்தல் அலுவலகம் கையெழுத்துகளைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. யாராவது ஆட்சேபம் தெரிவித்தால்தான் ஆராய்ச்சி. 1996 ஜனவரி 2ஆம் தேதி ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். வாக்காளர் பட்டியலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மனுவை வரி வரியாகப் பார்த்தார்கள். பட்டியலில் பெயர் இல்லையா, அடி. முகவரி தெரு தாண்டி அடுத்த தொகுதியில் விழுகிறதா, அடி. கையெழுத்துப் போடாமல் பெயரை அச்செழுத்தில் எழுதியிருக்கிறாரா, அதையும் அடி. பாமருக்குச் சுமார் 200 கையெழுத்து குறைந்தது. அவர் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். காஸ் அஸ்கியா என்பவர் 1,899 கையெழுத்து கொடுத்திருந்தார், அதில் 1,211 போய் 69 குறைந்தது. மார்க் யூவெல் 1,286 கொடுத்தும் 86 குறைந்தது. நான்காவதாக நின்ற உல்மர் லிஞ்ச்சும் காலி. மார்ச் பிரைமரியில் ஜனநாயகக் கட்சி வாக்குச்சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. நவம்பரில் 82 சதவீத வாக்கு, அதை யாரும் செய்தியாகவே பார்க்கவில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சிகாகோவின் கட்சித் தலைமை தனக்குப் பிடிக்காதவர்களை ஒழிக்கக் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான். ஹைட் பார்க்கோ அந்தத் தலைமையை எதிர்த்த சுதந்திரர்களின் கோட்டை. அங்கிருந்து கிளம்பியவர் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தார். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 1992இல் இல்லினாயில் சுமார் ஒன்றரை லட்சம் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்த இயக்கத்தை நடத்தியவர் ஒபாமா. பட்டியலில் பெயர் ஏறாமலும் ஏறிய பெயர் நீக்கப்பட்டும் போவது யாருக்கு நடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் குறைவு. நான்கு மனுக்களையும் அடித்திருக்க வேண்டியதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பாமரை எதிர்த்தே நின்றிருக்கலாம், தோற்றிருக்கவும்கூடும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். நம் ஆணையம் போல அங்கே எதுவும் இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் சட்டமன்றமே தன் தொகுதிகளை வரைந்து சட்டமாக்கும். ஆளுநர் கையெழுத்திட வேண்டும். உறுப்பினர்கள் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாயே சாட்சி: 1901இல் வரைந்த கோட்டை 1955 வரை தொடவில்லை. சிகாகோ வீங்கிக்கொண்டே போனது, கிராமத்து உறுப்பினர்கள் இடத்தை விடவில்லை. 1964இல் கீழவைக்குத் தொகுதியே வரைய முடியாமல் போய், மொத்த மாநிலமும் ஒரே தொகுதியாக 177 பேரைத் தேர்ந்தெடுத்தது. வாக்குச்சீட்டின் நீளம் ஏறக்குறைய மூன்றடி. படுக்கை விரிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அதனால் 1970 அரசியல் சாசனத்தில் ஒரு வழி செய்தார்கள். சட்டமன்றம் முடிக்காவிட்டால் இரு கட்சிக்கும் தலா நான்கு பேர் கொண்ட குழு. அதுவும் முடிக்காவிட்டால் கட்சிக்கு ஒன்றாக இரண்டு பெயரை எழுதிக் குலுக்கல், வருபவர் ஒன்பதாவது உறுப்பினர். குலுக்கலுக்குப் பயந்து சமாதானமாகப் போவார்கள் என்று நினைத்தார்கள். ஒருவரும் பயப்படவில்லை. 1981, 1991, 2001 மூன்று முறையும் குலுக்கல்தான். 1991இல் குடியரசுக் கட்சிக்கு அதிர்ஷ்டம் அடித்தது, 1993 முதல் பத்தாண்டுகள் செனட் அவர்கள் கையில் இருந்தது. ஒபாமா முதல் ஆறு ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் முடங்கிக் கிடந்தது அந்த ஒரு சீட்டினால்.

இடையில் 2000இல் பாபி ரஷ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை எதிர்த்து நின்று ஒபாமா படுதோல்வி அடைந்தார். அவருக்கு 61, இவருக்கு 30 சதவீதம். கறுப்பின வாக்காளர்கள் ரஷ்ஷை விடவில்லை. ஒபாமாவுக்குக் கிடைத்தது ஹைட் பார்க்கின் படித்தவர்களும் வெள்ளையர்களும். 2001 வசந்தத்தில் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் கட்சியின் வரைபட அறைக்குப் போனார். விரல்ரேகையும் சங்கேத எண்ணும் இல்லாமல் யாரும் நுழைய முடியாத அறை. கட்சியின் வரைபட ஆலோசகரோடு கணினி முன் உட்கார்ந்தார். முன்பு ஹைட் பார்க்கிலிருந்து தெற்கே சவுத் ஷோருக்கும் மேற்கே சிகாகோ லானுக்கும் போன தொகுதி, இப்போது ஏரிக்கரையோடு வடக்கே ஏறி நகரமையத்தைத் தாண்டிக் கோல்ட் கோஸ்ட் வரை போனது. கறுப்பினப் பெரும்பான்மை போகவில்லை. ஆனால் நகரத்தின் பெரும் பணக்காரர்களும் யூத நன்கொடையாளர்களும் உள்ளே வந்தார்கள். மேற்கேயிருந்த ஏழைத் தெருக்கள் வேறு தொகுதிகளுக்குப் போயின.

அந்த செப்டம்பரில் மாநிலச் செயலர் ஜெஸ்ஸி ஒயிட், ஆபிரகாம் லிங்கனின் உயரத் தொப்பி மாதிரி செய்த ஒரு தொப்பிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் பிலாண்டிக்! கட்சியின் வரைபடம் நிறைவேறியது. 2002இல் ஒபாமாவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. செனட் கட்சி வசமானது, எமில் ஜோன்ஸ் அவைத் தலைவரானார். தன் கட்சியின் பல மசோதாக்களை அவர் ஒபாமா பெயரில் ஓட வைத்தார். கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணைகளை வீடியோவில் பதிவுசெய்யும் சட்டம் அப்படி வந்ததுதான். 2004 நவம்பரில் ஒபாமா 70 சதவீத வாக்கோடு அமெரிக்க செனட்டுக்குப் போனார். ஏழு பேர் நின்ற பிரைமரியைக் கடக்க அவருக்கு வேண்டியிருந்த பணமும் ஆள்பழக்கமும் அந்த ஏரிக்கரையில் இருந்தன.

காலியான இடத்துக்குச் சில நாள்களில் கட்சி நிர்வாகிகள் குவாமி ராவுலை நியமித்தார்கள். அவர் 2019 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரலானதும் ராபர்ட் பீட்டர்ஸை நியமித்தார்கள். இருவரும் பிறகு மக்களிடம் வாக்கு வாங்கி ஜெயித்தார்கள்தான். நியூஹவுஸுக்குப் பின் அந்த இடத்தில் அமர்ந்த நால்வரில் மூவர் நியமனத்தில் நுழைந்தவர்கள். நியமனம் இல்லாமல் வந்த ஒரே ஆள் ஒபாமா.