பிரஷ்ஷும் ஊஞ்சலும் கடிப்பதை நிறுத்துமா?

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது. கிரைண்டர் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். கண்ணகி அம்மன் சடங்கில் பறையும் குரவையும் கேட்டதும் நிலத்தில் விழுந்து கத்தினான், தூக்க வந்த மாமாவையும் கடித்துவிட்டான். முன்பள்ளியிலும் இதே கதை. ‘இது புலன் கோளாறு, பிரஷ்ஷால் தேய்த்து, ஊஞ்சலாட்டி, பாரம் வைத்த அங்கி போட்டால் சரியாகும்’ என்று ஒருவர் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தாய், கல்லடி

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகன் குழப்படிக்காரன் இல்லை. நமக்கு மங்கலமாகக் கேட்கும் குரவை அவனுக்குத் தாங்க முடியாத சத்தமாக இருந்திருக்கும். பயந்துபோன பிள்ளையைச் சட்டென்று தூக்கினால் கடிக்கத்தான் செய்யும்.

ஆனால் ‘புலன் கோளாறு’ என்று பெயர் வைத்துவிட்டு அதோடு நிற்பது தவறு. சத்தம், தொடுகை தாங்காத தன்மை ஓட்டிசம் என்ற வளர்ச்சி வேறுபாட்டின் அடையாளங்களில் ஒன்று. பதகளிப்பு உள்ள பிள்ளைகளிடமும், ஓரிடத்தில் இருக்க முடியாத துருதுரு பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம். அமெரிக்கப் பிள்ளை மருத்துவர் கழகம் 2012இல் ‘புலன் கோளாறு’ என்பதைத் தனி நோயாகப் பொதுவாக முடிவுகட்ட வேண்டாம் என்றே சொன்னது. முதலில் போதனா வைத்தியசாலையில் பிள்ளை நல வைத்தியரிடம் காட்டுங்கள். கேட்கும் திறன், பேச்சு, மற்றப் பிள்ளைகளோடு பழகும் விதம் எல்லாம் பார்க்கப்பட வேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

அப்புறம் சிகிச்சை. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) 1960கள், 70களில் வளர்த்தெடுத்த ‘புலன் ஒருங்கிணைப்பு’ முறையை ஒட்டி வந்தது இது. ஏமாற்று என்று சொல்லமாட்டேன். சில பிள்ளைகளுக்கு உதவுகிறது, ஆனால் ஆய்வுகள் குறைவு, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பாரம் வைத்த அங்கிக்குச் சான்று மிகவும் பலவீனம். பயிற்சி பெற்ற ஒருவர் முழுச் சிகிச்சையின் ஒரு பகுதியாகச் செய்தால் முயன்று பார்க்கலாம்.

அப்படிச் செய்தால் ஒன்றை மட்டும் எண்ணுங்கள். கடித்த ஒவ்வொரு முறைக்கும் கலண்டரில் அந்த நாளில் ஒரு கோடு போடுங்கள். சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம், தொடங்கிய பின் இரண்டு மாதம். கோடுகள் குறையாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இன்றைக்கே வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கழுத்தில் உரசும் சட்டை லேபலை வெட்டிவிடுங்கள். ‘இப்ப கிரைண்டர் போடப் போறன், மகன்’ என்று சொல்லி, அவன் முற்றத்துக்குப் போன பிறகு சுவிட்சைப் போடுங்கள். அடுத்த சடங்குக்கு, பறை தொடங்குமுன் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.