பாலிஷ் டப்பாவை மூடி வையுங்கள், முதலில் தந்தியைக் கட்டுங்கள்

கேள்வி: மஹோகனிப் பலகையில் 45 மில்லிமீட்டர் தடிமனுக்கு மின்சாரக் கிட்டாரின் உடலை வெட்டி, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) குழிகளையும் தோண்டிவிட்டேன். கழுத்தை மட்டும் ஃபிரெட் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி) பதித்ததாகவே வாங்கிக்கொண்டேன். வார்னிஷ் அடிப்பதற்கு முன் ஒரு மிச்சத் துண்டில் சோதித்துப் பார்த்தேன். நான்கு பூச்சு கொடுத்தும் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் தெரிகின்றன. என்ன செய்வது? பிரிட்ஜ் (உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி) பதிக்கும் இடத்தைக் கணிப்பதிலும் குழப்பமாக இருக்கிறது. உடலுக்குப் பாலிஷ் போட்டு முடித்த பிறகு பிரிட்ஜைப் பொருத்தினால் போதுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. கழுத்தை மாட்டி, பிரிட்ஜைத் திருகி, பிக்கப்பை இணைத்து, ஆறு தந்திகளையும் கட்டி, வெற்று மரமாகவே ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாலிஷைத் தொடுங்கள். இரட்டை வேலையாகத் தோன்றும். ஆனால் வெற்று மரத்தில் செய்த தவறை உளியும் உப்புத்தாளும் சரிசெய்துவிடும். பளபளக்கும் பரப்பில் செய்த தவறு காலமெல்லாம் கண்ணை உறுத்தும்.

பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். என் இரண்டாவது கிட்டாரில் லாக்கர் காய்ந்து மெருகேற்றிய பிறகுதான் பிரிட்ஜுக்குத் துளை போட்டேன். கழுத்தோடு வந்த தாளில் இருந்த அளவை அப்படியே நம்பினேன், நானாக அளக்கவில்லை. 5 மில்லிமீட்டர் தள்ளிப்போய்விட்டது. துளைகளில் மரக் குச்சிகளை ஒட்டி அடைத்து, மேல்பரப்பு முழுவதையும் சுரண்டி, மறுபடி முதலிலிருந்து பூசினேன்.

பிரிட்ஜின் இடத்தைக் கண்டுபிடிக்கக் கழுத்தையே கேளுங்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு துண்டுதான் நட்டு. நட்டில் ஃபிரெட் பலகையைத் தொடும் விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நடுவுக்கு எஃகு அளவுகோல் வைத்து அளவெடுங்கள். அந்த ஃபிரெட் தந்தியைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. அதனால்தான் அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது. 324 மி.மீ. வந்தால் உங்கள் கழுத்து 648 மி.மீ. தந்தி நீளத்துக்கானது, 314 வந்தால் 628. அந்தப் பாதியை இரட்டித்தால் வரும் இடம்தான் மிக மெல்லிய தந்தியின் சாடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும், திருகால் நகர்த்தக்கூடிய சிறு துண்டு) நிற்க வேண்டிய கோடு. கழுத்தின் நுனியிலிருந்தோ கடைசி ஃபிரெட்டிலிருந்தோ அளக்க வேண்டாம். 21 ஃபிரெட் கழுத்தும் 22 ஃபிரெட் கழுத்தும் நுனியில் ஒன்றுபோல இருப்பதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபடுகிறது, சுரம் சற்றே ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்டச் சாடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்டுகிறோம். மெல்லிய தந்திக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். தடித்த தந்திக்கு நான்கைந்துகூட ஆகலாம். ஆகவே மெல்லிய தந்தியின் சாடிலை முன்பக்கம் ஏறக்குறைய முழுவதும் நகர்த்தி, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் மீதம் வைத்து, அந்த நிலையில் அது 648 கோட்டில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். திருகு நகரக்கூடிய தூரமெல்லாம் பின்பக்கம் கிடைக்கும், தேவைப்படுவதும் பின்பக்கம்தான்.

துளை போடுவதற்கு முன் நூல் சோதனை. பிரிட்ஜை இருபுறமும் ஒட்டும் டேப்பால் தற்காலிகமாக ஒட்டிவிட்டு, நட்டின் இரு கோடிப் பள்ளங்களிலிருந்தும் கோடிச் சாடில்களுக்கு இரண்டு தையல் நூல்களை விறைப்பாகக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டருகே ஒவ்வொரு நூலுக்கும் பலகை விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 2 என்றிருந்தால் பிரிட்ஜை நகர்த்துங்கள். உடலின் நடுக்கோடு என்று பென்சிலால் போட்டதை நம்பி இருக்க வேண்டாம். கழுத்து ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தாலும் அந்தக் கோடு பொய்யாகிவிடும். நூல் பொய் சொல்லாது.

உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீண்ட நேர்கோலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கோல் போய் நிற்கும் உயரம், சாடிலை இறக்கக்கூடிய தாழ்ந்த நிலைக்கும் ஏற்றக்கூடிய உயர்ந்த நிலைக்கும் இடையில் விழ வேண்டும். விழவில்லை என்றால் கழுத்து உட்காரும் குழியின் ஆழத்தை இப்போதே திருத்துங்கள். கழுத்தைப் பிடிக்கும் திருகுகள் உடலில் உள்ள துளைகளில் இறுகாமல் தாராளமாகப் போய்வர வேண்டும்; புரி பிடிக்க வேண்டியது கழுத்து மரத்தில் மட்டும். இரண்டிலும் பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி நின்றுவிடும். பிரிட்ஜின் அடியிலிருந்து, ஒலிக் குமிழ்கள் உட்காரும் கட்டுப்பாட்டுக் குழிக்கு எர்த் கம்பி போகும் நீண்ட துளையையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள். முதல் கிட்டார் செய்பவர்கள் பலரும் மறப்பது இதைத்தான்.

எங்காவது துளை தவறினால் சோர்ந்துவிட வேண்டாம். பிரையன் மே 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து செதுக்கியது. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். அதே கிட்டாரைத்தான் அவர் பிற்பாடு உலக மேடைகளிலெல்லாம் வாசித்தார்.

இனி அந்த ஊசிக் குழிகள். தவறு வார்னிஷில் இல்லை. மஹோகனி துளை திறந்த மரம்; அதன் நீர்க்குழாய்கள் வெட்டுப்பட்டு மேற்பரப்பில் சிறு வாய்க்கால்களாகக் கிடக்கின்றன. வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது அவற்றை மூடியதுபோலத் தெரியும். காயும்போது சுருங்கி உள்ளே இறங்கிவிடும். இன்னும் நான்கு பூச்சு கொடுத்தாலும் இதே கதைதான். மேப்பிள், ஆல்டர் போன்ற நெருக்கமான மரங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இதற்குத் தேவை கிரெயின் ஃபில்லர் என்ற பெயரில் விற்கும் மக்கு. ஆணித் துளைக்கு வைக்கும் கெட்டி மக்கு உதவாது. தயிர் பதத்தில் இருப்பதாக, மரத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் வாங்குங்கள். முதலில் 120, 180, 220 என்ற எண்களில் (எண் கூடக் கூடத் தாள் மென்மையானது) உப்புத்தாளை மரத்தின் ரேகையோடு தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் சிலிர்த்து எழும். 220 தாளால் அவற்றை லேசாக நீக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைப் பரப்போடு பரப்பாகத் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் முடித்துவிட்டதாக நினைத்த இடத்தில் 120 தாளின் கீறல்கள் வரிவரியாகத் தெரியும். ரேகையின் முனை வெளிவரும் ஓரங்களை மட்டும் 320 வரை கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அங்கே பூச்சு அதிகமாக ஊறிக் கறுத்துப்போகும்.

மக்கை ரேகைக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்து, மங்கத் தொடங்கும்போது பழைய பிளாஸ்டிக் அட்டையால் குறுக்காகவே வழித்தெடுங்கள். ரேகையோடு வழித்தால் துளைக்குள் போனதும் கூடவே வந்துவிடும். டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் காயவிட்டு, 320 தாளால் தேய்த்து, இன்னொரு முறை செய்யுங்கள். மஹோகனிக்கு ஒரே முறை போதுமானதாக நான் கண்டதில்லை.

எதைப் பூசுவது? முதல் கிட்டாருக்கு என் தேர்வு, துணியால் துடைத்துப் பூசும் பாலியூரித்தேன். தூசியும் வழிசலும் குறைவு, தெளிப்பான் தேவையில்லை. மெல்லியதாக ஆறு முதல் எட்டுப் பூச்சு, இடையிடையே 400 தாளால் ஒரு தடவல், அவ்வளவுதான். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், நுரையீரலுக்கும் கேடு. காற்றோட்டமும் ரசாயன ஆவிக்கான முகமூடியும் இல்லாமல் அதைத் திறக்கவே வேண்டாம். ஒரு மாதமாவது காயவிட வேண்டும். மூக்கை அருகே வைத்தால் வாடை வருகிறதென்றால் இன்னும் காயவில்லை. மரம் மரமாகவே தெரிந்தால் போதும் என்பவருக்கு எண்ணெய்ப் பூச்சு இருக்கிறது. அதற்கு மக்குகூட வேண்டாம். ஆனால் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.

கழுத்துக் குழிக்குள் பூச்சு போகக்கூடாது. ஒரு நீளக் குச்சியை அந்தக் குழியில் திருகிவிட்டால் குழியும் மூடிக்கொள்ளும், உடலைத் திருப்பித் திருப்பிப் பூசப் பிடியும் கிடைக்கும். காய்வதற்கு அதைப் பிடித்தே தொங்கவிடலாம்.

மறுபடி பூட்டும்போது ஒவ்வொரு திருகையும் சோப்பில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கெட்டி மரத்தில் திருகின் தலை முறியும். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை பிரிட்ஜிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தால் சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த் கம்பி தொடவில்லை, இரைச்சல் வரும். தந்தி கட்டிய பிறகு முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து ஏழாவது ஃபிரெட்டருகே பாருங்கள். தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) கால் சுற்று மட்டும் இறுக்கிவிட்டு, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள்.