இயற்கைப் புவியியலா, மனிதப் புவியியலா: எதை முதலில் படிப்பது?

கேள்வி: உலகப் புவியியலை அடியிலிருந்து படிக்க ஆசை. பாடப் புத்தகங்கள் இயற்கைப் புவியியல், மனிதப் புவியியல் என்று இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. எதில் தொடங்கலாம்?

இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். நாகர்கோவிலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிரிவினை பரீட்சைக்கு வசதி, அவ்வளவுதான். தரையில் இறங்கினால் மலையும் மழையும் ஒரு பக்கம், ஊரும் மொழியும் மறுபக்கம் என்று எங்கேயும் தனித்தனியாக நிற்பதில்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பஸ் பயணம். சொந்த ஊர் தோவாளைப் பக்கம். அம்மை பிறந்த வீடு குலசேகரம். நடுவே நாற்பது கிலோமீட்டர் அளவுதான். ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் காற்று கதவை அறைந்து சாத்தும், கொடியில் போட்ட வேட்டி பறந்துபோய் வேலியில் கிடக்கும், மழை மட்டும் லேசாகத் தூறிவிட்டு நின்றுவிடும். அதே நாளில் குலசேகரத்தில் போய் இறங்கினால் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், துணி காயவே காயாது. பாட்டாவிடம் காரணம் கேட்டேன். "ஆரல்வாய்மொழிதான் மக்கா காத்துக்கு வாசல். மழைய இங்க எறக்கி வச்சிட்டு, வெறுங்கையோட உங்க பக்கம் ஓடுது" என்றார்.

பாட்டா சொன்னதைத்தான் பாடம் மழைமறைவுப் பகுதி என்கிறது. அரபிக்கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மறுபுறம் இறங்கும்போது சூடாகி, மேகம் கலைந்துவிடுகிறது. மலை தாழ்ந்து கிடக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால் வேகம் கூடுகிறது. கணவாயை ஒட்டிய முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

இப்போது குலசேகரத்து ரப்பர் மரத்தைப் பாருங்கள். விடியும் முன்னே பால் வெட்டப் போவார்கள். பட்டையில் சரிவாகக் கீறிய கோட்டில் வெள்ளைப் பால் ஊறி, கீழே கட்டிய சிரட்டையில் சொட்டும். சின்ன வயதில் அது எங்கள் ஊர் மரம் என்றே நினைத்திருந்தேன். அதன் சொந்த ஊர் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறின. அப்படிப் பரவிய பயிர்தான், அன்று எங்கள் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் வந்தது. கொண்டுவந்தது மனிதரின் பணமும் பேரரசும். வேர்பிடிக்க விட்டது நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பமும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழையும். எங்கள் கன்னியாகுமரி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 டிகிரி அட்சரேகையில். தோவாளையில் அதே கன்றை நட்டிருந்தால் தண்ணீர் போதாமல் தவித்திருக்கும். இந்தக் கதையில் இயற்கைப் புவியியல் எங்கே முடிகிறது, மனிதப் புவியியல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். என்னால் முடிந்ததில்லை.

வீடுகளும் அப்படித்தான். கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் ஊர் ஒரே இடத்தில் நெருங்கி இருக்கும், சுற்றிலும் வயலும் குளமும். மேற்கே போகப் போக, மேடும் பள்ளமுமான நிலத்தில் ஆளுக்கொரு விளை (தோப்பு நிலம்), விளைக்கு நடுவே ஒரு வீடு. எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'விளை' என்றே முடிகின்றன. 2011 கணக்கெடுப்பில் இந்தச் சின்ன மாவட்டத்தில் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல். ஆனாலும் பஸ் ஜன்னலில் தென்னையும் வாழையும்தான் தெரியும், ஜனம் அதற்குள் கலந்து இருக்கிறது. எண்ணை மட்டும் படித்தவருக்கு இந்தப் பச்சை தெரியாது. பச்சையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் சுற்றுலாக்காரருக்கு அந்த எண்ணை நம்பவே முடியாது.

எல்லைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், எனக்குப் பிடித்த பாடம். திருவிதாங்கூர் காலத்தில் ஆரல்வாய்மொழியில் கோட்டை இருந்தது, மலைதான் எல்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மொழியின் பேரில் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்தபோது, கேரளத்தோடான எல்லை மேற்கே களியக்காவிளைக்கு நகர்ந்தது. அங்கே குறுக்கே நிற்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அதே ரோடு, அதே தென்னை, கடைப் பலகையில் எழுத்து மட்டும் மாறும். மலை போட்டுவைத்த எல்லையை மொழி எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டது.

இதைப் புரிந்துகொண்டு உலகப் படத்தை விரியுங்கள். தென்னமெரிக்காவில் சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே ஆண்டிஸ் மலைதான் எல்லை. தெற்குச் சிலியில் மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது, அடர்ந்த காடு. மலை தாண்டினால் பட்டகோனியா: வறண்ட புல்வெளி, ஓயாத காற்று. எங்கள் தோவாளையைப் பல மடங்கு பெரிதாக்கி வைத்ததுபோல இருக்கும். அங்கேயும் மலை பிரச்சினையைத் தீர்த்துவிடவில்லை. மிக உயர்ந்த சிகரங்களை இணைக்கும் கோடும் ஆற்றுநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் கோடும் ஒன்றாக இல்லை. எதை எல்லையாகக் கொள்வது என்று இரண்டு நாடுகளும் மல்லுக்கு நின்று, 1902இல் பிரிட்டிஷ் மன்னரின் தீர்ப்பு வரை போனது. எகிப்தைப் பாருங்கள், இன்னொரு விதம்: மேற்கெல்லை பெரும்பாலும் 25 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை (வடக்கு தெற்காக ஓடும் கற்பனைக் கோடு), தெற்கெல்லை 22 டிகிரி வட அட்சரேகை. பாலைவனத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள்.

புத்தகம் என்று கேட்டால், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறு முதல் பத்து வரையுள்ள சமூக அறிவியலும், பிறகு பதினொன்று, பன்னிரண்டு புவியியலும் போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்தில் ஒரு நல்ல அட்லஸ் இருக்கட்டும். ஆறுகளின் நீளத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முதல் பாடத்துக்குப் புத்தகமே தேவையில்லை. முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்துவையுங்கள். குமரியில் அது பன்னிரண்டு மணிக்கு வராது, 12.20ஐ ஒட்டித்தான் வரும். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாங்கள் அதற்கு 5 டிகிரி மேற்கே இருக்கிறோம், சூரியன் ஒரு டிகிரி கடக்க 4 நிமிடம். அந்த நேரத்து நிழல் பெரும்பாலான மாதங்களில் வடக்கே விழும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை தெற்கே விழும். அது பக்கம் மாறுகிற ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் முதல் தேதி வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால் கம்புக்கு நிழலே இருக்காது. டெல்லியில் இருப்பவர் எத்தனை வருடம் காத்திருந்தாலும் இதைப் பார்க்க முடியாது. நீங்கள் எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள், உங்கள் முற்றத்தில் எந்தத் தேதியில் நிழல் மறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.