ஏழு மோடும் தெரியும், வாசிக்கத்தான் வரவில்லை

கேள்வி: கர்நாடக இசை கொஞ்சம் கற்றவன் நான். இப்போது கீபோர்டில் ஜாஸ் பழகுகிறேன். ஏழு மோட்களும் (ஒரே ஸ்கேலை ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்து தொடங்கினால் கிடைக்கும் வரிசைகள்) எல்லாச் சுருதியிலும் தடங்கலில்லாமல் வருகின்றன. ஆனால் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) பின்னணியில் ஓடவிட்டு இம்ப்ரொவைஸ் செய்தால், அதாவது மனோதர்மமாக வாசித்தால், ஆரம்பப் பாடமான சரளி வரிசை மாதிரிதான் கேட்கிறது. இன்னும் எத்தனை ஸ்கேல் படிக்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: ஒன்றுகூட வேண்டாம். கையில் இருப்பதே அதிகம்.

ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் கார்டு வரிசை டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இவற்றுக்கு டோரியன், மிக்ஸோலிடியன், அயோனியன் என்று மூன்று மோட் சொல்லித்தருவார்கள். உங்கள் கணக்கில் கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம் (ராகமாக அல்ல, ஸ்வரஸ்தானமாக மட்டும்). ஆனால் மூன்றிலும் இருப்பது அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தானே? கார்டு மாறியது கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

அதைக் காட்டிக்கொடுப்பவை ஒவ்வொரு கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள். டி மைனரில் ஏழாவதாக இருக்கும் சி, ஜி செவன் வந்ததும் பி-க்கு இறங்கும். ஜி செவனின் எஃப், சி மேஜரில் இ-க்கு இறங்கும். முதலில் இந்த இரண்டு இறக்கங்களை மட்டும் நீட்டி வாசியுங்கள். பின்னணியை நிறுத்தினாலும் கார்டு நகர்வது காதில் விழ வேண்டும்.

அப்புறம், எந்த ஸ்வரம் தாளத்தின் தட்டில் விழுகிறது என்று பாருங்கள். ஜி மிக்ஸோலிடியனை மேல் ஜி-யிலிருந்து தட்டுக்கு இரண்டு ஸ்வரமாக இறக்கினால் தட்டுகளில் விழுபவை ஜி, இ, சி, ஏ. ஜி செவனுக்கு உரியவை ஜி, பி, டி, எஃப்; தட்டில் விழுந்ததில் ஜி மட்டும்தான் அதில் சேரும். ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவே எஃப் ஷார்ப்பைச் சேர்த்து இறக்குங்கள்: இப்போது ஜி, எஃப், டி, பி! முழு கார்டும் தட்டில் வந்துவிட்டது. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் பெயரில் வழங்கும் பீபாப் ஸ்கேல் என்பது இதுதான்; ஒரே ஒரு ஸ்வரம் செய்யும் வேலை.

மோடை மட்டும் நம்பி வாசிக்க ஆசையா? ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் பதிவுசெய்த 'ஸோ வாட்' இருக்கிறது. 32 பார்களில் (பார் என்பது ஒரு தாள அளவு) 16 டி டோரியன், 8 ஈ ஃபிளாட் டோரியன், மறுபடி 8 டி டோரியன். அவ்வளவுதான். அதில் மைல்ஸ் தனியாக வாசிக்கும் சோலோவை நோட்டேஷன் பார்க்காமல் காதால் பிடித்து, வாயால் பாடுங்கள். பாட்டு கற்றவருக்கு இது சிரமமே இல்லை. மனிதர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். உங்கள் வாசிப்பில் அந்த இடைவெளி இல்லை என்று ஊகிக்கிறேன். எட்டு பார் பிசகாமல் பாட வந்த பிறகு கீபோர்டைத் தொடுங்கள். அடுத்த எட்டு பார் அடுத்த வாரம்.